சென்சார் டிரைவரில் இயங்குநேர மின் மேலாண்மை: எந்த வரிசையில், ஏன்

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு அருகே, சனிக்கிழமைதோறும் நாலைந்து இளம் பொறியாளர்களுடன் உட்கார்ந்து லினக்ஸ் டிரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதிப் பழகுகிறோம். பாதிப் பேர் பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த்திலிருந்தும் பிறையிலிருந்தும் வருகிறவர்கள். எங்கள் பயிற்சிப் பொருள் ஒரு சிறு பெட்டி. பட்டறை மோட்டாரின் அதிர்வைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பத்து விநாடி அளக்க வேண்டும். பேட்டரியில் ஓட வேண்டும். உள்ளே இருப்பது எம்பியு-6050 என்ற அசைவுச் சென்சார்.

இந்தச் சிப்புக்கு லினக்ஸின் மையமான கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. பழகுவதற்காக நாங்கள் தனியே ஒன்று எழுதினோம். மூன்று முறை கற்றுக்கொடுத்துவிட்டேன். மூன்று முறையும் தடுமாற்றம் ஒரே இடங்களில்தான் வந்தது. இயங்குநேர மின் மேலாண்மை என்பது, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பயன்படாத சாதனத்தை மட்டும் உறங்கவைத்து, தேவைப்படும்போது எழுப்புவது. அதில் உறக்கத்துக்கு அனுப்பும் குறியீட்டில் யாரும் தவறுவதில்லை. அதை எங்கே, எந்த வரிசையில் கூப்பிடுவது என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் வரிசையைப் பற்றியது.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். கெர்னலின் செயற்கூறுப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை ‘பிஎம்_ரன்டைம்_’ என்று தொடங்கும். அந்த முன்னொட்டை விட்டுவிட்டு ‘எனேபிள்’, ‘செட்_ஆக்டிவ்’ என்று மட்டும் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் சிப்பின் தரவுத்தாள். அதிலிருந்து நான்கு எண்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள்: வேலை செய்யும்போது எடுக்கும் மின்னோட்டம், உறங்கும்போது எடுப்பது, மின்சாரம் வந்த பிறகு ரெஜிஸ்டர்களைத் (சிப்புக்குள் உள்ள சிறு நினைவிடங்கள்) தொடுவதற்கு முன் காத்திருக்க வேண்டிய நேரம், உறக்கத்திலிருந்து எழுந்தபின் அளவீடு நிலைபெற ஆகும் நேரம். எங்கள் சிப்புக்கு இவை முறையே 3.8 மில்லிஆம்பியர், 5 மைக்ரோஆம்பியர், அதிகபட்சம் 100 மில்லிவிநாடி, சுழற்சியை அளக்கும் பகுதியான சுழல்மானிக்கு ஏறத்தாழ 30 மில்லிவிநாடி.

இந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி, எப்போதும் விழித்திருக்கும் இந்த ஒரு சென்சாருக்கு மட்டுமே 33 நாள்களில் தீர்ந்துவிடும். அளக்கும் பத்து விநாடியும் அதன்பின் இரண்டு விநாடியும் மட்டும் விழித்திருந்தால் சராசரி ஏறத்தாழ 81 மைக்ரோஆம்பியராகக் குறைந்துவிடும். இந்தக் கணக்கைப் போடாமல் வேலையைத் தொடங்காதீர்கள். சில சிப்புகளில் மிச்சம் அவ்வளவு சொற்பம். அதற்காக டிரைவரைச் சிக்கலாக்குவது வீண்.

அடுத்து, கெர்னல் அமைப்பில் மின் மேலாண்மையோடு அதன் கூடுதல் பிழைகாண் வசதியும் (‘பிஎம் அட்வான்ஸ்டு டீபக்’), பூட்டுச் சோதனையும் (‘புரூவ் லாக்கிங்’) இயங்க வேண்டும். முன்னது, நான்காம் படியில் வரும் பயன்பாட்டு எண்ணிக்கையைக் கண்ணால் பார்க்க உதவும். பின்னது, நீங்கள் மாட்டிக்கொள்ளப்போகும் முட்டுக்கட்டையை (இரு பகுதிகள் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடுவது) முன்கூட்டியே சொல்லிவிடும்.

மல்டிமீட்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மைக்ரோஆம்பியர் வரம்பில் மீட்டருக்குள் தடை அதிகம். சிப் திடீரென எழுந்து மில்லிஆம்பியர் கேட்கும்போது, அந்தத் தடையில் மின்னழுத்தம் இறங்கி சிப் மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடும். டிரைவரில் பிழை இருக்கிறது என்று நீங்கள் இரவெல்லாம் தேடுவீர்கள். அதேபோல, ஜிஒய்-521 என்ற மலிவான பலகையில் எப்போதும் எரியும் ஒரு விளக்கும், மின்னழுத்தத்தைச் சீராக்கும் தனி ரெகுலேட்டரும் உண்டு. அவை எடுப்பது, உறங்கும் சிப்பின் 5 மைக்ரோஆம்பியரைவிடப் பல மடங்கு. அந்த விளக்கை எடுத்துவிட்டு அளவிடுங்கள்.

2. மின்சாரம் கொடுப்பதையும் நிறுத்துவதையும் தனிச் செயற்கூறுகளாக்குங்கள்

இயங்குநேர மின் மேலாண்மையின் பக்கமே இன்னும் போக வேண்டாம். ‘எழுப்பு’, ‘உறங்கவை’ என்று இரண்டு சாதாரணச் செயற்கூறுகளை எழுதுங்கள். டிரைவர் ஏறும்போது முதலாவதையும் இறங்கும்போது இரண்டாவதையும் கூப்பிட்டு, எல்லாம் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஏன் இப்படி? பிறகு ஏதாவது கெட்டுப்போனால், கோளாறு சிப்பை எழுப்பும் முறையிலா, எழுப்பும் நேரத்திலா என்று பிரித்துப் பார்க்க முடியும். இரண்டையும் ஒரே நாளில் கலந்தவர்களுக்கு அந்தப் பிரிவினை கிடைப்பதில்லை. திருத்தங்களை அனுப்பும்போதும் இதை முதல் திருத்தமாகத் தனியே வையுங்கள்.

எழுப்பும் வரிசை: ரெகுலேட்டர்களை இயக்கு, 100 மில்லிவிநாடி காத்திரு, மின் மேலாண்மை ரெஜிஸ்டரில் (பதினாறடிமான எண் 6பி) உறக்க பிட்டை நீக்கு, நிலைபெறும் வரை பொறு. சிப் தொடங்கும்போதே உறக்க பிட் போடப்பட்ட நிலையில்தான் வருகிறது. அதை நீக்க மறந்தால் அளவீடுகள் எல்லாம் பூஜ்ஜியமாக வரும், பிழைச் செய்தியே வராது.

உறங்கவைக்கும் வரிசை இதற்கு நேர் தலைகீழ். எழுப்பும்போது நடுவில் ஒரு படி தோற்றால், அதுவரை இயக்கிய ரெகுலேட்டர்களை அணைத்துவிட்டுத்தான் பிழையைத் திருப்ப வேண்டும். பாதி விழித்த சிப்பை விட்டுவிட்டு வெளியேறக் கூடாது.

3. எதை அணைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

உறக்க பிட்டை மட்டும் போட்டால் ரெஜிஸ்டர்களில் எழுதியவை அப்படியே இருக்கும். ரெகுலேட்டரையே அணைத்தால் எல்லாம் அழியும். அளவு வரம்பு, மாதிரி வேகம், வடிகட்டி என எல்லாவற்றையும் மீண்டும் எழுத வேண்டும்.

ரெஜிஸ்டர் மதிப்புகளின் நகலை நினைவகத்தில் வைத்திருக்கும் கெர்னல் வசதியான ரெக்மேப்பைப் பயன்படுத்தினால் இது எளிது. உறங்கும்போது ‘ரெக்கேஷ்_கேஷ்_ஒன்லி’யை இயக்கி ‘ரெக்கேஷ்_மார்க்_டர்ட்டி’ சொல்லுங்கள். எழுந்தபின் அந்தக் கேஷ்-ஒன்லி நிலையை நீக்கி ‘ரெக்கேஷ்_சிங்க்’ சொல்லுங்கள். மாறிக்கொண்டே இருக்கும் ரெஜிஸ்டர்களை ‘வொலட்டைல்’ என்று முன்பே குறிக்காவிட்டால், பழைய அளவீட்டையே திரும்பத் திரும்பப் படிப்பீர்கள்.

ரெகுலேட்டரை அணைக்கும் திட்டம் இருந்தால் பலகையின் சுற்றுப்படத்தைப் பாருங்கள். சிப்பைக் கணினியோடு இணைக்கும் ஐ2சி கம்பிகளை மேலே இழுக்கும் மின்தடைகள் வேறொரு மின்வழியில் கட்டப்பட்டிருந்தால், அணைக்கப்பட்ட சிப்புக்குள் அந்தக் கம்பிகள் வழியாகவே மின்சாரம் கசியும். சிப் முழுதாகச் சாகாது, முழுதாக எழவும் செய்யாது. அப்படிப்பட்ட பலகையில் உறக்க பிட்டோடு நின்றுகொள்வதே என் பரிந்துரை.

4. எண்ணிக்கை எப்படி வேலை செய்கிறது

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தலில் நின்றவர்களுக்கு இது உடனே புரியும். பந்தலில் ஒருவர் இருக்கும் வரை விளக்கு எரியும். கடைசி ஆள் ‘நான் கிளம்புகிறேன்’ என்று சொன்ன பிறகே அணைப்போம். யாராவது சொல்லாமல் போய்விட்டால் விளக்கு விடிய விடிய எரியும். இல்லாத ஆளுக்காக இன்னொருவர் ‘கிளம்பினேன்’ என்று சொல்லிவிட்டால், வேலை நடக்கும்போதே இருட்டாகிவிடும்.

கெர்னலும் இதையேதான் செய்கிறது. ‘கெட்’ என்ற அழைப்புகள் எண்ணிக்கையை ஒன்று கூட்டும். ‘புட்’ ஒன்று குறைக்கும். பூஜ்ஜியமானால் உறக்கம். ஒவ்வொரு கெட்டுக்கும், பிழையில் வெளியேறும் வழிகள் உட்பட எல்லா வழிகளிலும், ஒரே ஒரு புட் இருக்க வேண்டும்.

கடைசி ஆள் போன உடனேயே விளக்கை அணைப்பதும் சரியல்ல, அடுத்த காவடிக் கூட்டம் வந்துகொண்டிருக்கலாம். கொஞ்சம் பொறுத்து அணைப்பதற்குத்தான் தாமத உறக்கம், அதாவது ஆட்டோசஸ்பெண்ட். அதை ஏழாம் படியில் பார்ப்போம்.

5. புரோப் செயற்கூறில் வரிசை

டிரைவர் சாதனத்தோடு இணையும்போது கெர்னல் கூப்பிடும் தொடக்கச் செயற்கூறுதான் புரோப். அதிகம் பேர் விழும் குழி இதுதான். ஆகவே மெதுவாகப் போகிறேன்.

முதலில் இரண்டாம் படியில் எழுதிய ‘எழுப்பு’ செயற்கூறை நீங்களே நேரடியாகக் கூப்பிடுங்கள். ‘ஹூ ஆம் ஐ’ ரெஜிஸ்டரைப் படித்து, பதினாறடிமானத்தில் 68 வருகிறதா என்று சரிபாருங்கள். ‘எனேபிள் செய்தால் கெர்னலே எழுப்பிக்கொள்ளுமே, நாம் ஏன் எழுப்ப வேண்டும், அண்ணா?’ என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். மின் மேலாண்மை இல்லாமல் கட்டப்பட்ட கெர்னலில் உங்கள் எழுப்பும் செயற்கூறை யாரும் கூப்பிட மாட்டார்கள். அங்கேயும் சென்சார் ஓட வேண்டும்.

அடுத்து ‘செட்_ஆக்டிவ்’. புதிதாக வரும் எந்தச் சாதனத்தையும் ‘உறங்குகிறது’ என்றே கெர்னல் முதலில் எண்ணுகிறது. நீங்கள் எழுப்பிவிட்டீர்கள் என்பது அதற்குத் தெரியாது. இதை எனேபிளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் ஏற்காது. இந்த அழைப்பை மறந்தால் விழித்திருக்கும் சிப்பை மீண்டும் எழுப்புவார்கள், ரெகுலேட்டர் இரண்டு முறை இயக்கப்படும், பிறகு ஒருபோதும் அணையாது.

மூன்றாவது ‘கெட்_நோரெசூம்’. எழுப்பாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவது இது. புரோப் முடியும் வரை யாரும் சிப்பை உறங்கவைத்துவிடாமல் பிடித்துக்கொள்ளும் பிடி.

நான்காவது ‘எனேபிள்’. ‘டெவ்எம்’ என்று தொடங்கும் வடிவம் இருக்கும் கெர்னல் என்றால் அதையே எடுங்கள். டிரைவர் இறங்கும்போது தாமத உறக்கத்தை நீக்குவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பிறகு தாமத அளவைச் சொல்லி ‘யூஸ்_ஆட்டோசஸ்பெண்ட்’. அதன் பிறகுதான், சென்சார்களுக்கான கெர்னல் பகுதியான ஐஐஓவில் சாதனத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவான அந்த நொடியிலேயே பயனர் பக்கத்திலிருந்து யாராவது படிக்கத் தொடங்கலாம். பதிவை முன்னால் வைத்து, செட்_ஆக்டிவும் சொல்லாமல் விட்டிருந்தால், அந்த முதல் வாசிப்புக்கு -13 என்ற அனுமதி மறுப்புப் பிழை கிடைக்கும். சில கணினிகளில் வரும், சிலவற்றில் வராது. இப்படி எப்போதாவது வரும் பிழையைப் போல் நேரத்தைத் தின்பது வேறில்லை.

எல்லாம் முடிந்ததும் ‘புட்_ஆட்டோசஸ்பெண்ட்’. முன்பு பிடித்த பிடியை இங்கே விடுகிறீர்கள். நடுவில் எந்தப் படி தோற்றாலும் அந்தப் பிடியை ‘புட்_நோஐடில்’ மூலம் விட்டுவிட்டே வெளியேற வேண்டும்.

இறங்கும் வழியில் ஒரு கண்ணி காத்திருக்கிறது. டிரைவர் நீங்கும்போது சிப்பை அணைக்க ஒரு டெவ்எம் செயலைப் பதிவு செய்திருப்பீர்கள். அந்த நேரத்தில் சிப் ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருந்தால் ரெகுலேட்டர் இரண்டாம் முறை அணைக்கப்படும், கெர்னல் பதிவில் சமநிலை தவறிய எச்சரிக்கை கொட்டும். அணைக்கும் முன் ‘ஸ்டேட்டஸ்_சஸ்பெண்டட்’ என்று கேட்டுவிட்டு, விழித்திருந்தால் மட்டும் அணையுங்கள்.

6. ஒற்றை வாசிப்பு

பயனர் ஒரு மதிப்பைக் கேட்கும்போது ஓடும் ‘ரீட்_ரா’ செயற்கூறில், உண்மையில் சிப்பைத் தொடும் கிளையில் மட்டும் எழுப்புங்கள். அளவுக் காரணி, கிடைக்கும் வேகங்களின் பட்டியல் போன்றவை நினைவகத்திலேயே இருக்கின்றன. அவற்றைக் கேட்டதற்கெல்லாம் சிப்பை எழுப்பினால் மிச்சப்படுத்தியது போய்விடும்.

எழுப்புவதற்கு ‘ரெசூம்_அண்ட்_கெட்’ என்பதையே எடுங்கள், பழைய ‘கெட்_சிங்க்’ வேண்டாம். காரணம் இரண்டு. கெட்_சிங்க் தோற்றாலும் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். பிழை வந்ததே என்று நேராக வெளியேறினால் எண்ணிக்கை ஒன்று கசிந்துவிடும். மேலும், சிப் ஏற்கெனவே விழித்திருந்தால் அது 1 என்று திருப்பும். பூஜ்ஜியம் அல்லாததை எல்லாம் பிழை என்று எண்ணும் குறியீடு அங்கே தடுக்கி விழும். எங்கள் குழுவில் ஒரு தம்பி, ‘முதல் வாசிப்பு சரியாக வருகிறது, இரண்டாவது தோற்கிறது’ என்று ஒரு மாலை முழுவதும் சிப்பைச் சந்தேகித்தான். காரணம் அந்த 1தான்.

வரிசை இப்படி இருக்கட்டும்: எழுப்பு, பூட்டு, படி, பூட்டைத் திற, ‘மார்க்_லாஸ்ட்_பிசி’, புட்_ஆட்டோசஸ்பெண்ட். எழுப்புவது பூட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். உங்கள் எழுப்பும் செயற்கூறு ரெஜிஸ்டர்களை எழுத அதே பூட்டை, அதாவது மியூடெக்ஸை, கேட்டால், நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு எழுப்புக்காகக் காத்திருக்க, அது உங்களுக்காகக் காத்திருக்கும். இருவரும் நகர மாட்டீர்கள்.

மார்க்_லாஸ்ட்_பிசி, தாமதக் கடிகாரத்தை இப்போதிலிருந்து ஓடச் செய்கிறது. அது இல்லாவிட்டால் பழைய நேரத்திலிருந்து எண்ணி, சிப் உடனே உறங்கிவிடலாம். மிகப் புதிய கெர்னல்களில் புட்_ஆட்டோசஸ்பெண்டே இதையும் செய்துவிடுகிறது. நீங்கள் எந்தக் கெர்னலுக்கு எழுதுகிறீர்கள் என்று அதன் மூலக்குறியீட்டைத் திறந்து பார்த்துவிட்டு எடுங்கள் அல்லது விடுங்கள்.

7. தாமதம் எவ்வளவு

பயனர் மூன்று அச்சுகளையும் தனித்தனியாகப் படித்தால் அது மூன்று வாசிப்பு. தாமதமே இல்லாவிட்டால் மூன்று முறை எழுந்து மூன்று முறை உறங்கும், ஒவ்வொரு முறையும் 100 மில்லிவிநாடிக்கு மேல் வீண்.

கெர்னலிலேயே இரண்டு நல்ல முன்மாதிரிகள் உண்டு. பிஎம்பி280 காற்றழுத்தச் சென்சாரின் டிரைவர், எழும் நேரத்தைப் போல் நூறு மடங்கைத் தாமதமாக வைக்கிறது: எழ 2 மில்லிவிநாடி, தாமதம் 200. எம்பியு-6050 குடும்பத்தின் டிரைவர் 2 விநாடி வைக்கிறது. நாங்கள் பின்னதையே எடுத்தோம். இந்த எண்ணைப் பயனரும் மாற்ற முடியும் என்பதால், முதல் நாளே கச்சிதமாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

8. தொடர் வாசிப்பு

மாதிரிகளைத் தொடர்ந்து சேர்க்கும் பஃபர் ஓடும்போது ஒவ்வொரு மாதிரிக்கும் எழுப்ப வேண்டாம். பஃபர் தொடங்கும் முன் கூப்பிடப்படும் ‘பிரீஎனேபிள்’ இல் ஒரு கெட், முடிந்தபின் கூப்பிடப்படும் ‘போஸ்ட்டிஸ்ஏபிள்’ இல் ஒரு புட், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பிரீஎனேபிள் தோற்றால் ஐஐஓ மையம் போஸ்ட்டிஸ்ஏபிளைக் கூப்பிடாது. எழுப்பிய பிறகு வேறேதாவது தோற்றால், அங்கேயே நீங்கள் புட் சொல்லிவிட வேண்டும்.

எழுந்தவுடன் வரும் முதல் மாதிரிகளைத் தள்ளிவிடுங்கள். சுழல்மானி நிலைபெறும் முன் வரும் எண்கள் பார்ப்பதற்கு உண்மைபோல் இருக்கும், ஆனால் பொய். எங்கள் மோட்டார் பெட்டி தொடக்கத்தில் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஓர் அதிர்ச்சியைப் பதிவு செய்தது. மோட்டாரில் எந்தக் குறையும் இல்லை.

9. இன்டரப்ட்

சிப் தானாகவே கெர்னலைக் கூப்பிடும் குறிப்புதான் இன்டரப்ட். சிப் உறங்கும் நேரத்தில் இன்டரப்ட் கம்பி சும்மா ஆடலாம். அதே கம்பியை வேறொரு சாதனமும் பகிரலாம். கையாளும் செயற்கூறு அப்போது ஐ2சி வழியே படிக்கப் போனால் பிழைதான் கிடைக்கும். ‘கெட்_இஃப்_இன்_யூஸ்’ என்று கேளுங்கள். யாராவது பயன்படுத்திக்கொண்டிருந்தால் மட்டும் அது எண்ணிக்கையைக் கூட்டும். இல்லையென்றால் ‘இது என்னுடையதல்ல’ என்று திரும்பிவிடலாம்.

உறங்கவைக்கும் செயற்கூறில் ‘டிஸ்ஏபிள்_ஐஆர்க்யூ’ கூப்பிடுவதாக இருந்தால் கவனம். அது, ஓடிக்கொண்டிருக்கும் கையாளும் செயற்கூறு முடியும் வரை காத்திருக்கும். அந்தச் செயற்கூறோ சிப்பை எழுப்பச் சொல்லி, நடந்துகொண்டிருக்கும் உறக்கம் முடியட்டும் என்று காத்திருந்தால் மீண்டும் முட்டுக்கட்டை. இன்டரப்ட் கையாளும் இடத்தில் எழுப்பவே எழுப்பாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

10. கணினி முழுவதும் உறங்கும்போது

‘டிஃபைன்_ரன்டைம்_டெவ்_பிஎம்_ஆப்ஸ்’ மேக்ரோவைப் பயன்படுத்தினால், கணினி உறங்கும்போதும் உங்கள் அதே இரண்டு செயற்கூறுகளே ஓடும். அதை டிரைவர் கட்டமைப்பில் ‘பிஎம்_பிடிஆர்’ வழியாகக் கோத்துவிடுங்கள். ஆனால் இந்த வழியில் எண்ணிக்கை பூஜ்ஜியமாக இல்லாவிட்டாலும் உறங்கவைப்பார்கள். ‘பஃபர் ஓடாதபோதுதான் என்னைக் கூப்பிடுவார்கள்’ என்று நம்பி உறக்கச் செயற்கூறை எழுதாதீர்கள்.

உறக்கச் செயற்கூறு திருப்பும் பிழைக்கும் பொருள் உண்டு. -16 அல்லது -11 என்றால் ‘இப்போது முடியாது, பிறகு பார்’. வேறு எந்த எண்ணானாலும் அதைத் தீராத கோளாறாகக் கெர்னல் எடுத்துக்கொள்ளும். அதன்பின் எழுப்பச் சொல்லும் ஒவ்வொரு அழைப்புக்கும் -22தான் பதில். ஐ2சியில் ஒரு கணம் ஏற்பட்ட சிறு தடங்கலுக்காகச் சென்சாரையே இழக்க வேண்டாம்.

11. சோதனை

சிஸ் கோப்பகத்தில் உங்கள் சாதனத்தின் (எங்களுக்கு 1-0068) ‘பவர்’ அடைவைத் திறந்து வையுங்கள். ‘ரன்டைம்_ஸ்டேட்டஸ்’ நிலையைச் சொல்லும், ‘ரன்டைம்_யூசேஜ்’ எண்ணிக்கையைச் சொல்லும். ஒரு வாசிப்பு செய்துவிட்டு 2 விநாடிக்கு மேல் காத்திருந்து பாருங்கள்: நிலை உறக்கமாகவும் எண்ணிக்கை 0 ஆகவும் மாற வேண்டும். எண்ணிக்கை ஒவ்வொரு வாசிப்புக்கும் ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு வழியில் புட் விடுபட்டிருக்கிறது.

‘கன்ட்ரோல்’ கோப்பில் ‘ஆன்’ என்று எழுதினால் சிப் உறங்கவே உறங்காது. விசித்திரமான ஒரு கோளாறு அப்போது மறைந்தால் அது மின் மேலாண்மையில் இருக்கிறது, மறையாவிட்டால் வேறெங்கோ. இந்த ஒரு சோதனை எங்களுக்குப் பல சனிக்கிழமைகளை மீட்டுத் தந்தது. முடிந்ததும் மறவாமல் ‘ஆட்டோ’வுக்கு மாற்றுங்கள்.

பிழை வழிகளை வேண்டுமென்றே ஓட்டிப் பாருங்கள். எழுப்பும் செயற்கூறில் தற்காலிகமாக ஒரு பிழையைத் திருப்பச் செய்து, எண்ணிக்கை 0 இல் நிற்கிறதா என்று பாருங்கள். பஃபரைத் தொடங்கி நிறுத்தும் ஒரு சுழலையும் ஒற்றை வாசிப்புச் சுழலையும் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். அதன்பின் டிரைவரை நூறு முறை பிரித்து மீண்டும் இணையுங்கள். கெர்னல் பதிவில் ரெகுலேட்டர் எச்சரிக்கையோ பூட்டு எச்சரிக்கையோ ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கடைசியாக மீட்டரை வையுங்கள். ரன்டைம்_ஸ்டேட்டஸ் ‘சஸ்பெண்டட்’ என்று சொல்வது கெர்னலின் நம்பிக்கை மட்டுமே. சிப் உண்மையில் உறங்கியதா என்று மின்னோட்டம்தான் சொல்லும். எங்கள் பெட்டியில் ஒருமுறை நிலை சரியாக இருந்தும் 3.8 மில்லிஆம்பியர் குறையவில்லை. உறக்க பிட்டை எழுதிய வரியில், ரெக்மேப் ஏற்கெனவே கேஷ்-ஒன்லி நிலைக்குப் போயிருந்தது. எழுத்து நினைவகத்தோடு நின்றுவிட்டது, சிப்பை அடையவே இல்லை. அந்த இரண்டு வரிகளையும் இடம் மாற்றிய பிறகுதான் மீட்டர் கீழே இறங்கியது.